வேலிக்கு இந்தப் பக்கம் மட்டும் பெய்த மழை

ஷெவராய் மலையின் ஆண்களைப் போலக் கட்டுப்பாடு மிக்க ஆண்கள் பூலோகத்தில் வேறெங்கும் கிடையாது என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுவது முறை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வயிற்றைப் புரட்டாமல் ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள். மார்கழிப் பனியில் குல்லாயில்லாமல் நின்று, 'இதெல்லாம் ஒரு குளிரா' என்று சமவெளிக்காரர்களைக் கேட்கிறவர்கள். அவர்களுடைய உடம்பில் எந்த உறுப்பு கட்டுப்பாட்டை மீறினாலும் சரி, அதைப் பற்றிய பேச்சு மட்டும் ஒருநாளும் கட்டுப்பாட்டை மீறியதில்லை.

இந்த உயர்ந்த மரபின் தலைசிறந்த பிரதிநிதி, வெள்ளக்கடை கிராமத்துக்கு மேலே குடியிருக்கும் ஓய்வுபெற்ற ரைட்டர் அருள்சாமி. வயது அறுபத்தேழு.

எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேலைக்கு வந்த ஆள், பறித்த காப்பிப் பழம், அடித்த மருந்து, பெய்த மழை எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றுகிறவர். கதை எழுதுகிறவர்கள் நடக்காததை எழுதுவார்கள். அருள்சாமி நடந்ததை மட்டுமே எழுதுவார். நடந்தது எதையும் எழுதாமல் விடவும் மாட்டார். அவருடைய பலமும் அதுதான். அவரை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதுதான்.

முப்பத்திநாலு வருஷ சேவைக்குப் பிறகு அவர் ஓய்வு பெற்றபோது, எஸ்டேட் நிர்வாகம் ஒரு சுவர்க்கடிகாரமும், அவரே விண்ணப்பித்துக் கேட்டுக்கொண்டபடி, பழைய தாமிர மழைமானி ஒன்றும் கொடுத்தது. மழைமானி அன்றைக்கே வீட்டு முற்றத்தில் நடப்பட்டது. சுவர்க்கடிகாரம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. பதினோரு வருஷமாகத் தினமும் காலை எட்டு மணிக்கு அருள்சாமி முற்றத்தில் குனிவார், அளப்பார், நிமிர்வார், மழைப் பதிவேட்டில் எழுதுவார். நூறு சென்ட் மழை ஓர் அங்குலம். சுற்றுவட்டாரத்துக் காப்பி விவசாயிகள் வானத்தைப் பார்த்தாலும் நம்ப மாட்டார்கள். போன் போட்டு, "ரைட்டருங்க, நேத்து எத்தனை சென்ட்டுங்க?" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் நனைந்ததை ஒப்புக்கொள்வார்கள்.

இப்படிப்பட்டவர் சென்ற நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதாகோயில் பூசையில் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது தும்மினார். தும்மல் மேலே. செய்தி கீழே.

செய்தி சிறியதுதான். ஒரு சிகரெட் பெட்டி அகலத்துக்கு ஈரம். ஆனாலும் சட்டென்று முழந்தாளிட்ட அருள்சாமி பிரசங்கம் முடிகிறவரை, அது முடிந்த பின்னும், சபை கலைந்த பின்னும், முழந்தாளில் இருந்து எழுந்திருக்கவில்லை. "ரைட்டருக்கு எவ்வளவு பக்தி!" என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

சாதாரண ஆளாக இருந்தால் மறுநாளே டாக்டரிடம் போயிருப்பான். அருள்சாமி முறைப்படி போகிறவர். முதலில் தகவல் சேகரிப்பு, இரண்டாவது காரணம் கண்டறிதல், மூன்றாவது நடவடிக்கை. தகவல் சேகரிக்க நோட்டு வேண்டும். புது நோட்டு வாங்கினால் மனைவி இன்பமேரி, "ஏனுங்க, இதென்ன நோட்டு?" என்று கேட்பாள். கேள்வி கேட்கப்படாத நோட்டு அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான்.

மழைப் பதிவேடு.

அன்றிலிருந்து வானத்து மழையும் அருள்சாமியின் மழையும் ஒரே பத்தியில், ஒரே நீல மையில், சம உரிமையுடன் பதிவாகின. இருமலாலோ தும்மலாலோ வந்தது 'இடியுடன் கூடிய தூறல்'. குளியலறைக்கு ஓடியும் போய்ச் சேர முடியாமல் போனது 'முன்னறிவிப்பில்லாத மழை'. எல்லாம் முடிந்தது என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்த பிறகு வருவது 'மழை நின்றபின் மரத்துச் சொட்டு'. சென்ட் அளவு கண் மதிப்புதான். வேட்டியைப் பிழிந்து அளக்கிற நிலைக்கு அவர் இன்னும் இறங்கவில்லை.

'பிப்ரவரி 5. பகல் 11.40. முன்னறிவிப்பில்லாத மழை. வாசல்வரை வந்தும் பயனில்லை. 6 சென்ட். பிற்பகல், மரத்துச் சொட்டு.'

இதோடு அவர் ஒரு பூவாளியையும் கையில் எடுத்துக்கொண்டார். வேட்டியில் ஈரம் தெரிந்தால், "செடிக்குத் தண்ணி ஊத்துனேன்" என்று சொல்லிவிடலாம் அல்லவா? கடைக்குப் போனாலும் பூவாளி. தபாலாபீசுக்குப் போனாலும் பூவாளி. தபாலாபீசில் செடி கிடையாது. யாரும் கேட்கவில்லை. மலையின் நாகரிகம் அப்படி.

அடுத்தது காரணம் கண்டறிதல். அதற்கு 'ஆண்கள் நல மன்றம்' இருந்தது. மாதம் இருமுறை சமுதாயக் கூடத்தில் கூடும். தலைவர் டோமினிக், ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். மன்றத்தில் இதுவரை மழை, மாநிலம், மருமகள் ஆகிய பொருள்களில் விவாதம் நடந்திருக்கிறது. அருள்சாமி எழுந்து தொண்டையைச் செருமினார். மெதுவாகத்தான் செருமினார், இடி இடித்துவிடக் கூடாது.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருங்க. கீழே குப்பனூர் பக்கம். அவருக்குக் கொஞ்ச நாளா... அடக்க முடியறதில்லையாம்."

"கோபத்தையா?" என்றார் டோமினிக்.

"தண்ணியை."

பிறகு ஓர் அதிசயம் நடந்தது. அங்கே இருந்த இருபத்தாறு பேருக்கும் அதே மாதிரி தெரிந்தவர் ஒருவர் இருந்தார். எல்லோருடைய தெரிந்தவரும் மலைக்குக் கீழே இருந்தார்கள்.

"எனக்குத் தெரிஞ்சவருக்குக் காரணம் குளிருங்க" என்றார் ஒருவர்.

"கீழே ஏதுங்க குளிரு?"

"குளிரை நெனச்சுக்குவாராம்."

பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பிரவீன், "சீட்டுதான் காரணமுங்க. கல்லு ரோட்டுல குலுங்கிக் குலுங்கி உள்ள நட்டு லூசாயிருது" என்று தொழில்முறைக் கருத்துச் சொன்னார்.

டோமினிக் கையை உயர்த்தினார். "எல்லாம் தப்பு. காரணம் பஸ். இருபது வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் உள்ள இருக்கற தண்ணி ஒரு பக்கமாச் சாயுது. ஏறும்போது இடது, எறங்கும்போது வலது. பை விரிஞ்சு போயிருது. எனக்குத் தெரிஞ்சவருக்கு இப்படித்தான் ஆச்சு."

"அவரு மலைக்குக் கீழயே இருக்கறவருன்னீங்களே?"

"அதனாலதான் ஒரு பக்கம் மட்டும் விரிஞ்சிருக்குது!"

கரவொலிக்கிடையே இரண்டு முடிவுகள் எட்டப்பட்டன. ஒன்று, தெரிந்தவர்கள் அனைவரும் தண்ணீர் குடிப்பதைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இரண்டு, தும்மல்தான் தூண்டுகிறது என்றால் தும்மலை ஒழிக்கச் சளி மாத்திரை சாப்பிட வேண்டும். அருள்சாமி இரண்டையும் தெரிந்தவர் சார்பில் அன்றைக்கே தொடங்கினார். தண்ணீரைக் குறைத்தார், மழை கூடியது. மாத்திரையைக் கூட்டினார், மழை இன்னும் கூடியது. 'காரணம் விளங்கவில்லை. ஆய்வு தொடர்கிறது' என்று குறிப்புப் பத்தியில் எழுதினார்.

அந்த வருஷம் மலையில் வேறு யாருக்கும் மழையில்லை.

காப்பிச் செடிக்கு மாசி பங்குனியில் ஒரு மழை வேண்டும். பூ மழை என்பார்கள். அது விழுந்தால்தான் மொட்டு விரியும். வானம் பல்லைக் காட்டிவிட்டது. மொட்டுகள் கருகின. அருள்சாமி வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் ஐயாக்கண்ணுவின் தோட்டம். அதற்கப்பால் அவருடைய சொந்தபந்தங்களின் நாற்பது வீடுகள். பரம்பரை பரம்பரையாய் மலையில் சாமையும் காப்பியும் போட்டவர்கள். அவர்களுடைய ஊற்றும் வற்றிவிட்டது. ஐயாக்கண்ணுவின் மனைவி குப்பாயி இரண்டு மைல் இறங்கிக் குடம் சுமந்தாள். ஏறிவரும்போது தினமும் ரைட்டரைப் பார்த்தாள்.

"குடிக்கத் தண்ணியில்லாம நாம சாகறோம். ரைட்டரு பூவாளியோட திரியறாரு பாரு!"

வறட்சிப் பகுதி என்று அறிவித்தால் தண்ணீர் லாரி வரும். அறிவிப்பதற்கு மழையளவு வேண்டும். சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் மழைமானி மூன்று வருஷமாகப் பூட்டிய அறையில் பத்திரமாக இருந்தது. வெளியே வைத்தால் மழையில் நனைந்து கெட்டுவிடும் என்று தொலைநோக்குடன் உள்ளே வைத்திருந்தார்கள். ஆகவே, 'பத்து வருஷத்துக்குக் குறையாமல் தொடர்ந்து பராமரிக்கப்பட்ட தனியார் பதிவேடு இருப்பின் ஏற்றுக்கொள்ளப்படும்' என்று சுற்றறிக்கை வந்தது.

ஐயாக்கண்ணு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "எங்க ரைட்டரய்யா நோட்டு இருக்குதுங்க. அதுல ஒரு சொட்டு பொய் இருக்காதுங்க."

வறட்சி மதிப்பீட்டு அலுவலர் சசிகலா ஜீப்பில் வந்து இறங்கியபோது அருள்சாமி குளியலறையில் இருந்தார். அவர் இப்போதெல்லாம் போனால் இருபது நிமிஷம். தேவையில்லாத இடத்தில் கேட்காமல் வருவது, தேவையான இடத்தில் கெஞ்சினாலும் வராது. குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தார். ஜெபம் சொல்லிப் பார்த்தார். வெளியே இன்பமேரியின் குரல் கேட்டது.

"நோட்டுங்களா? அலமாரி மேலதான் இருக்குது. எடுத்துக்கோங்க கண்ணு. அவரு உசுரே அதுலதான்."

அருள்சாமி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தபோது ஜீப்பின் புகை மட்டும் முற்றத்தில் நின்றது. மழைமானிக்குப் பக்கத்தில் நின்று அவர் 4 சென்ட் பெய்தார். எழுதுவதற்கு நோட்டு இல்லை.

பத்து நாளில் அறிக்கை வந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை தொண்ணூறு நாளில் எழுபத்தெட்டு மழை நாள். மொத்தம் மூன்று அங்குலம் பன்னிரண்டு சென்ட். பத்தொன்பது நாள் இடி. 'மேற்படி பகுதி வறட்சிப் பகுதி ஆகாது' என்று முடிந்திருந்தது. அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மலையெங்கும் காய்ந்துகிடக்க ஒரே ஒரு முற்றத்தில் எழுபத்தெட்டு நாள் மழை பெய்த விசித்திரத்தைக் கண்டு மேலிடம் சிலிர்த்துப்போயிருந்தது. 'நுண்மேகம்' என்று அதற்குப் பெயர் சூட்டி, 'ஒரு வீடு, ஒரு மேகம்' என்ற முன்னோடித் திட்டத்துக்கு அருள்சாமியின் முற்றத்தைப் பரிந்துரைத்திருந்தார்கள். வேலி போட, பலகை வைக்க, திறப்பு விழாவுக்கு நாள் பார்க்க உத்தரவு. ஆட்சேபணை இருப்பவர்கள் வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சமுதாயக் கூடத்தில் தெரிவிக்கலாம். ஐந்து மணிக்குக் கோப்பு மூடப்படும்.

அன்று மாலை ஐயாக்கண்ணு வேலியருகே வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ரைட்டரய்யா, நம்ம ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல இருக்கறது முள்ளுவேலிங்க. மலையில்லைங்க. உங்க பக்கம் எழுவத்தெட்டு நாளு பேஞ்ச மழையில ஒரு தும்பி நனையற அளவுக்காவது என் பக்கம் தெறிச்சிருக்கோணுமா இல்லீங்களா?"

"ஐயாக்கண்ணு, அது வந்து..."

"சேர்வராயன் சாமிகிட்டப் போயி நின்னு அழுதனுங்க. 'நான் என்ன குத்தம் பண்ணுனேன், ரைட்டரு ஊட்டுக்கு மட்டும் குடுக்கறயே'ன்னு சாமியவே வைஞ்சுட்டேனுங்க."

அருள்சாமி வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. மேசையில் சசிகலா, பக்கத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் எழுத்தர், குடிநீர் விஷயம் என்பதால் அரசு டாக்டர் தேவகுமாரி. முன்வரிசையில் குப்பாயியும் காலிக் குடங்களும். பின்வரிசையில், கதவுக்கு அருகில், ஆண்கள் நல மன்றம். அவர்கள் எந்தக் கூட்டத்திலும் கதவுக்கு அருகில்தான் உட்காருவார்கள். காற்றோட்டத்துக்காக.

"பதிவேட்டைப் பராமரித்தவர் நீங்கதானே சார்?" என்றார் சசிகலா.

"நாந்தானுங்க."

"ஆட்சேபணை ஏதாவது?"

அருள்சாமி எழுந்தார். இரண்டு நாளாக ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் தயாராக வந்திருந்தார். அடிவயிறு என்னவோ தண்ணீர்ப் பானையைக் கட்டித் தொங்கவிட்டது மாதிரி கனத்தது. 'தவறுதலாக எழுதிவிட்டேன்' என்று சொல்லிவிடத்தான் நினைத்து வந்தார். இரண்டே வார்த்தை. ஆனால் சொல்லப்போகும்போது, மேசைமேல் தன் நோட்டு விரிந்துகிடப்பதையும், தன் கையெழுத்து கோடு தாண்டாமல் நிற்பதையும் பார்த்துவிட்டார்.

"அது மழையில்லைங்க அம்மா."

"அப்போ நோட்டு பொய்யா?"

"நோட்டுல ஒரு சொட்டும் பொய்யில்லைங்க!" கோபமே வந்துவிட்டது அவருக்கு.

"மழையும் இல்லை, பொய்யும் இல்லைன்னா வேற என்னங்க அது?"

"கசிவுங்க."

"கூரைக் கசிவா?"

"கூரை நல்லாத்தான் இருக்குதுங்க."

"குழாயா?"

அருள்சாமி யோசித்தார். "அப்படியும் சொல்லலாமுங்க."

"பஞ்சாயத்துக் குழாயா, சொந்தக் குழாயா?"

"சொந்தமுங்க."

"போட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

"அறுபத்தேழு."

"இவ்வளவு பழைய குழாயை வச்சுக்கிட்டு ஒரு தடவைகூட ஆளைக் கூப்பிட்டுக் காட்டலையா சார்?"

பின்வரிசையில் சிலருக்கு விளங்கிவிட்டது. டோமினிக் ஓடாத மின்விசிறியை உற்றுப் பார்த்தார். பிரவீன் தன் செருப்பை ஆராய்ந்தார். சசிகலா கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பது.

"தெளிவாச் சொல்லுங்க சார். இல்லைன்னா நான் அறிக்கையை முடிச்சுக் கையெழுத்துப் போடணும்."

ஐயாக்கண்ணு எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். "ரைட்டரய்யா, ஒரே ஒரு வார்த்தை. மழை பேஞ்சுதுங்களா, பேயலைங்களா? நீங்க எதைச் சொன்னாலும் நம்பிக்கறனுங்க. நாப்பது ஊட்டுப் பொம்பளைங்க குடம் தூக்கியே இடுப்பொடிஞ்சு போச்சுங்க."

அருள்சாமி குடங்களைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மன்றத்தார் இருபத்தாறு பேரும் 'வேண்டாம்' என்று கண்ணால் மன்றாடினார்கள். உலகத்தில் ஆண்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே சொத்தை இந்த மனுஷன் ஏலத்துக்கு விடப்போகிறானே!

"ஐயாக்கண்ணு" என்றார் அருள்சாமி. "வானத்துல இருந்து ஒரு சொட்டும் விழலை. மழையெல்லாம் நாந்தான்."

எழுத்தரின் பேனா பாதியில் நின்றது.

"எழுபத்தெட்டு நாளுமா?" என்றார் சசிகலா, மெதுவாக.

"ஆமாங்க."

"இடி?"

"தும்மலுங்க. இருமலும் உண்டு."

எழுத்தர் பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்டார்: "அம்மா, இதை எந்தத் தலைப்பில எழுதறதுங்க?"

சசிகலா நோட்டை மூடி வைத்தார். "'உள்ளூர் நீராதாரம்'னு போடுங்க. பரிசீலனைக்கு ஏற்றதல்லன்னு பக்கத்தில எழுதிருங்க." பிறகு பழைய அறிக்கையை நீளவாக்கில் கிழித்தார். "வறட்சிப் பகுதி. நாளைக்கே உத்தரவு போடறேன்."

அப்போதுதான் குப்பாயி வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நாற்பது முந்தானைகள் வாய்க்குப் போயின. ஐயாக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை. "சாமியப் போயி வைஞ்சுட்டனே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

டாக்டர் தேவகுமாரியும் சிரிக்கவில்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"தேதி, நேரம், அளவு, முன்னால என்ன நடந்தது, பின்னால என்ன நடந்தது... நான் எத்தனையோ பேர்கிட்ட மூணு நாளைக்கு எழுதிட்டு வாங்கன்னு கெஞ்சியிருக்கேன். ஒருத்தரும் எழுதினதில்லை. நீங்க அஞ்சு மாசம் எழுதியிருக்கீங்க." அவர் நிமிர்ந்தார். "இவ்வளவு எழுதினவர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்? வாங்க, வண்டியில ஏறுங்க."

"ஆய்வு இன்னும் முடியலைங்க டாக்டர்..."

"ஏறுங்க!"

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அருள்சாமியின் சிறுநீர்ப்பையில் தொள்ளாயிரம் மில்லி இருந்தது. சற்று முன்புதான் குளியலறைக்குப் போய்விட்டு வந்து படுத்திருந்தார்.

"நீங்க எஸ்டேட்டில தண்ணித்தொட்டி பார்த்திருப்பீங்கல்ல?" என்றார் டாக்டர். "வெளியே போற குழாய் அடைச்சுக்கிட்டா தொட்டி ரொம்பி மேல வழியும். நீங்க வழியறதைப் பார்த்துட்டுத் தொட்டி ஓட்டைன்னு நினைச்சிருக்கீங்க. ஓட்டையில்லை, அடைப்பு. புராஸ்டேட் சுரப்பி வீங்கிக் குழாயை நெருக்குது. நீங்க முழுங்கின சளி மாத்திரை இருக்கே, அது இன்னும் இறுக்கி ஒரு பூட்டுப் போட்டிருக்கு."

"அப்போ குளிரு, பஸ்ஸு..."

"பஸ்ஸா?"

"ஒண்ணுமில்லைங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னாரு."

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கும் சார். சிலருக்குச் சுகர் நரம்பைக் கெடுத்திருக்கும். சிலருக்குப் பிரஷர் மாத்திரை. ஆபரேஷனுக்கப்புறம் சிலருக்கு. மலச்சிக்கல்கூடக் காரணமாகும். முக்காவாசியைச் சரிபண்ணவோ குறைக்கவோ முடியும். உங்களுக்கு இன்னும் ரெண்டு மாசம் இந்த ஆய்வு நடந்திருந்தா கிட்னி ரெண்டும் ராஜினாமாக் கடிதம் குடுத்திருக்கும்."

குழாய் போட்டுப் பையை வடித்தார்கள். அஞ்சு மாசத்துக்கப்புறம் அருள்சாமியின் அடிவயிறு தளர்ந்தது. மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது பக்கத்தில் இன்பமேரி சோற்று டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"மேரி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"தெரியுமுங்க."

"எப்ப இருந்து?"

"நவம்பர்ல இருந்து. துவைக்கறது யாருங்க? செடிக்குத் தண்ணி ஊத்துனா முட்டிக்குக் கீழதான நனையும்? உங்களுக்கு மட்டும் நேரா நடுவுல நனையுது."

"ஏன் கேக்கலை?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க. கேட்டுட்டா நொம்ப ஒடைஞ்சு போயிருவீங்க." டப்பாவைத் திறந்தாள். "டாக்டரம்மா குடுத்த நோட்டையும் இப்பத்தான் படிச்சேன். இடியுடன் கூடிய தூறலாமே! வெக்கமாயில்லைங்களா உங்களுக்கு?"

மூன்றாம் நாள் தண்ணீர் லாரி மேலே ஏறியது. 'ஒரு வீடு, ஒரு மேகம்' திட்டம் நிதிநிலை காரணமாகக் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆண்கள் நல மன்றம் அவசரக் கூட்டம் கூட்டி, அருள்சாமியின் அஞ்சா நெஞ்சத்தைப் பாராட்டும் தீர்மானத்தை எடுத்துக்கொண்டது. நாற்பது நிமிஷக் கூட்டம் 'தொழில்நுட்பக் காரணங்களால்' மூன்று முறை ஒத்திவைக்கப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிய நேரத்தில் கூடத்தில் யாரும் இல்லை. எல்லோரும் கூடத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் தேவகுமாரி ஆண்களுக்கென்றே ஒரு முகாம் போட்டார். நாற்காலி ஐம்பது. திரை போட்ட அறை இரண்டு. பெயர் எழுத ஆள் வேண்டும் என்றதும் அருள்சாமி தாமே வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட குழாயும் பையும் வேட்டிக்குள் இருந்தன. முகத்தில் பழைய ரைட்டர் களை. பூவாளி இல்லை.

ஒன்பது மணிக்குக் கூட்டம் வந்தது. நாற்பத்து மூன்று பேர். எல்லோரும் பெண்கள்.

முதலில் நின்றவள் டோமினிக்கின் மனைவி ஈவ்லின். "எங்க ஊட்டுக்காரரோட ஃபிரெண்டு ஒருத்தருக்குன்னு சொல்லச் சொன்னாருங்க டாக்டர்."

"ஃபிரெண்டு பேரு?"

"டோமினிக்."

அடுத்து பிரவீனின் மனைவி சாந்தி. "அவரு வண்டியிலதான் இருக்காருங்க. இஞ்சினை ஆஃப் பண்ண மாட்டேங்கறாரு. நான் போன உடனே கெளம்போணுமாம்."

அவளுக்குப் பின்னால் குப்பாயி. "என் ஊட்டுக்காரருக்கு ஒண்ணுமில்லைங்களாமா. அதோ, வெளிய சில்வர் ஓக் மரத்துகிட்ட நிக்கறாரு பாருங்க. நான் வரிசையில நின்ன நேரத்துல நாலு தடவை மரத்துக்குப் பின்னால போயிட்டு வந்துட்டாரு. ரெண்டு வருஷமா இப்படித்தானுங்க."

"ஐயாக்கண்ணுமா?" என்றார் அருள்சாமி.

"ஆமாங்க ரைட்டரய்யா. அன்னைக்குக் கூட்டத்துல நீங்க சொன்னப்ப, அவருதான் மொதல்ல 'எனக்குந்தான்'னு சொல்லியிருக்கோணும்."

டாக்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வெளியே ஜீப்பிலும், பைக்கிலும், மரங்களுக்கு அருகிலும் ஷெவராய் மலையின் ஆண்கள் அணிவகுத்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு ஒழுங்கு! எவ்வளவு மௌனம்!

"ஆள் உள்ள வராம நான் யாருக்குங்க ஸ்கேன் எடுக்கறது?" என்று கேட்டுவிட்டு டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். பத்தரை மணிவரை காத்திருந்தார். அப்புறம், "படிவத்தையாவது பூர்த்தி பண்ணிருவோம் ரைட்டர். மேலே அனுப்பணும்" என்றார்.

அருள்சாமி படிவங்களை அடுக்கி வைத்துக்கொண்டார். பெயர் எழுதினார். வயது எழுதினார். எவ்வளவு காலமாக என்பதையும் மனைவிமார் சொன்னபடி எழுதினார். கடைசிப் பத்தியில் பேனா நின்றது.

"டாக்டர், 'அடைப்பு உள்ள இடம்'னு கேட்டிருக்குதுங்க. ஆளையே பாக்கலையே, என்னன்னு எழுதறது?"

டாக்டர் தேவகுமாரி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். அருள்சாமி ஒரு கணம் தலைகுனிந்தார். பிறகு, முதல் படிவத்தில் எழுதிவிட்டு மற்றவற்றுக்கு 'மேற்படி' என்று போடாமல், நாற்பத்து மூன்றிலும் கோடு தாண்டாத அழகான கையெழுத்தில், முழுசாக எழுதினார்:

'வாய்.'